வகுத்தால் 17 மணி, டிக்கெட்டில் பதினெட்டரை

சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் எவ்வளவு தூரம் என்று இணையத்தில் தேடினால் சுமார் 15,340 கிலோமீட்டர் என்று வரும். பயணிகள் ஜெட் மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர் போகும். வகுத்தால் 17 மணி நேரம். டிக்கெட்டைப் பார்த்தால் பதினெட்டரை மணி நேரத்தை ஒட்டிப் போட்டிருக்கும். அதே டிக்கெட்டில் புறப்படும் நேரத்தையும் போய்ச் சேரும் நேரத்தையும் கழித்துப் பார்த்தாலோ ஐந்தரை மணி நேரம்தான் வரும். விமானம் அன்று பறந்த பாதையை அளந்தவர் 16,500 கிலோமீட்டருக்கு மேல் என்பார்.

இவற்றில் எதுவும் தப்பில்லை. ஒவ்வொன்றும் வெவ்வேறு கேள்விக்கான பதில். தூரம் பூமி உருண்டை சம்பந்தப்பட்டது. இரண்டு ஊர்களும் இருக்கும் இடத்தில் இருக்கும்வரை அது மாறாது. நேரம் அப்படியல்ல. காற்று, வழியில் உள்ள நாடுகள், ஓடுதளத்து நெரிசல், கடிகாரம் என்று பலரும் அதில் கை வைக்கிறார்கள். முதலில் மாறாததைப் பார்த்துவிடலாம்.

ஒரு பந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு புள்ளிகள் வைத்து, நடுவே ஒரு நூலை இறுக்கிப் பிடியுங்கள். நூல் தானாகவே மிகக் குறுகிய வழியில் போய்ப் படியும். அந்த நூலை அப்படியே இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு போனால் பந்தைச் சரிபாதியாக வெட்டும் ஒரு வட்டம் கிடைக்கும். அதற்குப் பெருவட்டம் என்று பெயர். இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே உள்ள தூரம் என்று சொல்லப்படுவது இந்த நூலின் நீளம்தான். விமானம் போகும் வழி அதுவேதான் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. அதைவிடக் குறைந்த தூரத்தில் போக முடியாது என்பது மட்டும் உறுதி.

நூலின் நீளத்தைக் கணக்கிட ஒரு பழைய வசதி உண்டு. 1790களில் பிரெஞ்சுக்காரர்கள் மீட்டரை வரையறுத்தபோது, வட துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரை உள்ள தூரத்தை ஒரு கோடிப் பங்காக்கி, அதில் ஒரு பங்கை ஒரு மீட்டர் என்றார்கள். ஆகவே துருவத்திலிருந்து நிலநடுக்கோட்டுக்கு 10,000 கிலோமீட்டர். அது 90 டிகிரி. ஒரு டிகிரிக்கு 111 கிலோமீட்டர் சொச்சம். இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் போதும், பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இப்போது சிங்கப்பூர் சாங்கி விமான நிலையம். வட அட்சம் (நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே எவ்வளவு என்பது) 1.4 டிகிரி, கிழக்குத் தீர்க்கம் (லண்டன் கிரீன்விச் கோட்டிலிருந்து கிழக்கே எவ்வளவு என்பது) 104. நியூயார்க்கின் கென்னடி விமான நிலையம் வட அட்சம் 40.6, மேற்குத் தீர்க்கம் 74. ஒன்று கிழக்கே 104, மற்றது மேற்கே 74, கூட்டினால் 178. அதாவது இரண்டும் உலகின் ஏறக்குறைய எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. அப்படியென்றால் நூல் எந்த வழியாகப் போகும்? நேராக வட துருவத்தை ஒட்டித்தான். சிங்கப்பூரிலிருந்து துருவத்துக்கு 90 கழித்தல் 1.4, ஆக 88.6 டிகிரி. துருவத்திலிருந்து நியூயார்க்குக்கு 90 கழித்தல் 40.6, ஆக 49.4 டிகிரி. மொத்தம் 138. இதை 111.2 கொண்டு பெருக்கினால் 15,345 கிலோமீட்டர். இணையத்தில் வரும் எண்ணுக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டோம், வெறும் கூட்டல் கழித்தலில். மீதி வித்தியாசத்துக்குக் காரணம், 180-க்கு இரண்டு டிகிரி குறைவது ஒன்று. பூமி துருவங்களில் கொஞ்சம் தட்டையாக இருப்பது இன்னொன்று.

எல்லா ஜோடிக்கும் இவ்வளவு சுலபமாக அமையாது. லண்டன் ஹீத்ரோவும் நியூயார்க்கும் எதிரெதிரே இல்லை, அதனால் பள்ளியில் படித்த சைன், கோசைனைக் கொஞ்சம் தூசி தட்ட வேண்டும். இரண்டு அட்சங்களின் சைன்களைப் பெருக்கிக்கொள்ளுங்கள். இரண்டு அட்சங்களின் கோசைன்களையும் தீர்க்க வித்தியாசத்தின் கோசைனையும் சேர்த்துப் பெருக்கி அதோடு கூட்டுங்கள். வருவது நமக்கு வேண்டிய கோணத்தின் கோசைன். ஹீத்ரோ 51.47, கென்னடி 40.64, தீர்க்க வித்தியாசம் 73.33 என்று போட்டால் 0.645 கிடைக்கும். அதற்குரிய கோணம் 49.8 டிகிரி. 111.2 கொண்டு பெருக்கினால் சுமார் 5,540 கிலோமீட்டர். கைப்பேசியில் இருக்கும் கால்குலேட்டரே போதும்.

இந்த இடத்தில் பலரும் தடுக்கி விழுவது சுவர் வரைபடத்தைப் பார்த்துத்தான். நாம் பழகிய உலக வரைபடம் 1569-இல் மெர்க்கேட்டர் என்பவர் கப்பலோட்டிகளுக்காக வரைந்த முறையில் வந்தது. அதில் திசை சரியாக இருக்கும், தூரம் இருக்காது. துருவத்தை நெருங்க நெருங்க எல்லாம் இழுத்து நீட்டப்படும்; 60 டிகிரி அட்சத்தில் இழுவை சரியாக இரண்டு மடங்கு. ஃபின்லாந்தின் ஹெல்சிங்கியும் அலாஸ்காவின் ஆங்கரேஜும் ஏறத்தாழ அந்த அட்சத்தில்தான் இருக்கின்றன. வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் அதே அட்சத்தில் கிழக்கு மேற்காகப் போக வேண்டும். உருண்டையில் அந்த வழியே போனால் 9,500 கிலோமீட்டர் ஆகும். துருவத்தை ஒட்டிப் போகும் பெருவட்டப் பாதையோ 6,500 கிலோமீட்டர்தான். மூவாயிரம் கிலோமீட்டர் வித்தியாசம், நாம் நேர்க்கோடு என்று நம்பியதால் வந்தது. இருக்கைக்கு முன்னால் உள்ள திரையில் விமானப் பாதை வில்லாக வளைந்து தெரிவதற்கும் இதுவே காரணம். வளைந்திருப்பது பாதை அல்ல, வரைபடம்.

அலகு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர்–நியூயார்க் தூரத்தை ஒருவர் 9,530 மைல் என்பார், இன்னொருவர் 8,280 மைல் என்பார். முதலாமவர் சாலை மைலில் பேசுகிறார், இரண்டாமவர் விமானிகளின் கடல் மைலில். ஒரு டிகிரியில் 60 கலை. ஒரு கலைக்கு ஒரு கடல் மைல். அது 1,852 மீட்டர். 138 டிகிரியை அறுபதால் பெருக்குங்கள், 8,280 வருகிறதா? விமானிகள் இன்றும் இதை விடாமல் வைத்திருப்பதற்கு இந்தச் சௌகரியம்தான் காரணம். விமானத்தின் வேகத்தை நாட் என்று சொல்வதும் மணிக்கு இத்தனை கடல் மைல் என்ற பொருளில்தான்.

இனி நேரம். 900 என்ற எண் எங்கிருந்து வந்தது? பெரிய ஜெட் விமானங்கள் ஒலியின் வேகத்தில் ஏறத்தாழ 85 சதவீதத்தில் பறக்கின்றன. பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை மைனஸ் 56 டிகிரி அளவில் இருக்கும். அந்தக் குளிரில் ஒலியே மணிக்கு 1,060 கிலோமீட்டர்தான் போகும். அதில் 85 சதவீதம் 900. ஆனால் இது காற்றோடு ஒப்பிடும்போது உள்ள வேகம், தரையோடு ஒப்பிட்டது அல்ல. விமான நிலையத்தில் நகரும் நடைபாதை பார்த்திருப்பீர்கள். அதன் மேல் நடப்பவரின் நடை வேகம் மாறுவதில்லை, ஆனாலும் பக்கத்தில் தரையில் நடப்பவரை அவர் முந்திவிடுவார். விமானத்துக்குக் காற்றுதான் அந்த நடைபாதை.

அதிலும் ஒரு குறிப்பிட்ட காற்று. விமானங்கள் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக, ஆறு போல ஓடும் பலத்த காற்றோட்டம் உண்டு. அதை ஜெட் ஸ்ட்ரீம் என்கிறார்கள். 1920களிலேயே ஜப்பானிய வானிலையாளர் வசாபுரோ ஓய்ஷி பலூன்களைப் பறக்கவிட்டு இதைக் கண்டுபிடித்துவிட்டார். உலகமே படிக்கட்டும் என்று நினைத்து அறிக்கையை, எல்லா நாட்டவருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியில் எழுதினார். உலகம் படிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் மேல் பறந்த அமெரிக்க விமானிகள் அந்தக் காற்றில் மாட்டிக்கொண்டபோதுதான் அது பெரிதாகப் பேசப்பட்டது.

நியூயார்க்–லண்டன் கணக்கை எடுத்துக்கொள்வோம். காற்றே இல்லை என்றால் 5,540 கிலோமீட்டருக்கு 6 மணி 9 நிமிடம். சராசரியாக 120 கிலோமீட்டர் வேகத்தில் பின்காற்று கிடைத்தால் தரை வேகம் 1,020. லண்டனுக்கு 5 மணி 26 நிமிடம். அதே காற்று திரும்பும்போது எதிர்க்காற்று. தரை வேகம் 780. 7 மணி 6 நிமிடம். போக வர இரண்டையும் கூட்டினால் 12 மணி 32 நிமிடம். காற்று இல்லாமலிருந்தால் 12 மணி 18 நிமிடம்தான். போகும்போது மிச்சப்படுத்தியதைவிட வரும்போது இழப்பது அதிகம், ஏனென்றால் எதிர்க்காற்றில் நாம் கழிக்கும் நேரமே நீளம். எனக்கு இது முதலில் விளங்கவில்லை. எண்களைப் போட்டுப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது.

காற்று உச்சத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2020 பிப்ரவரி ஓர் உதாரணம். அட்லாண்டிக்கில் சியாரா புயல் வீசிய அந்த இரவில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. தரை வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. ஒலியின் வேகத்தை மீறிவிட்டதா என்று அப்போது பலரும் கேட்டார்கள். இல்லை. தன்னைச் சுற்றியிருந்த காற்றில் அது வழக்கமான வேகத்தில்தான் போனது, காற்றே ஓடிக்கொண்டிருந்தது.

சிங்கப்பூர் விமானம் துருவ வழியை விட்டுவிட்டு 16,500 கிலோமீட்டருக்கு மேல் சுற்றுவது ஏன் என்பது இப்போது புரியும். பசிபிக் வழியாகக் கிழக்கே போனால் தூரம் எட்டு சதவீதம் அளவுக்குக் கூடுகிறது. ஆனால் சராசரியாக 75 கிலோமீட்டர் பின்காற்று கிடைத்தாலே அந்தக் கூடுதல் தூரம் ஈடாகிவிடும். அதற்கு மேல் கிடைப்பதெல்லாம் லாபம். திரும்பும்போது அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக மறுபடியும் கிழக்கு நோக்கியே பறப்பதும் உண்டு. அப்படி அமைந்தால் பயணி தெரியாமலேயே உலகைச் சுற்றி வந்துவிடுகிறார்! இந்தத் தடத்தில் ஓடும், மிக நீண்ட தூரத்துக்கென்றே அமைந்த ஏர்பஸ் ஏ350-900 யூ.எல்.ஆர். விமானத்தில் 1,65,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும். தொட்டி நிறைந்திருந்தால் அதுவே 130 டன் அளவுக்கு வரும்; விமானம் தூக்கக்கூடிய மொத்த எடையில் ஏறத்தாழ பாதி. காற்றைத் தேடிப் போவது வெறும் நேரத்துக்காக மட்டும் அல்ல என்பது இதிலிருந்து தெரியும்.

காற்று வழிவிட்டாலும் நாடுகள் வழிவிட வேண்டும். ஹெல்சிங்கி–டோக்கியோ பெருவட்டத் தூரம் 7,800 கிலோமீட்டர் சொச்சம். பாதை பெரும்பாலும் ரஷ்யாவின் மேல்தான் போகிறது. 2022 பிப்ரவரியில் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதும் ஒன்பதரை மணி நேரப் பயணம் ஏறத்தாழ 13 மணி நேரமானது. இரண்டு ஊர்களும் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. வேடிக்கை என்னவென்றால் இது பழைய கதையின் மறுபதிப்பு. 1983-இல் ஃபின்லாந்தின் விமான நிறுவனமான ஃபின்னேர் இந்தத் தடத்தை முதலில் தொடங்கியபோதும் சோவியத் வான்வெளி கிடைக்காமல் வட துருவத்தைச் சுற்றித்தான் போனது. இது போக, இரண்டு எஞ்சின் விமானங்கள் வழியெங்கும் அவசரத்துக்கு இறங்க ஒரு நிலையத்தைக் குறிப்பிட்ட நேரத் தொலைவுக்குள் வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. கடலும் பனியும் மட்டுமே உள்ள பகுதிகளில் பாதை கொஞ்சம் ஒதுங்கிப் போக அதுவும் ஒரு காரணம்.

டிக்கெட்டில் அச்சாகும் நேரம் பறக்கும் நேரம் அல்ல. கேட்டை விட்டு விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து, போன ஊரில் கேட்டில் போய் நிற்கும்வரை உள்ள மொத்த நேரம் அது. ஓடுதளம் வரை ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் விமானங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்பது, மெதுவாக உயரம் ஏறுவது, இறங்குமுன் வானில் வட்டமடிப்பது எல்லாம் அதில் அடக்கம். அதோடு தாமதத்துக்கென்று நிறுவனங்கள் கொஞ்சம் கூட்டியும் வைக்கின்றன. முக்கால் மணி தாமதமாகப் புறப்பட்ட விமானம் சரியான நேரத்துக்கு இறங்கி, விமானி பெருமையோடு அறிவிப்பதைக் கேட்டிருப்பீர்கள். அந்த முக்கால் மணியில் ஒரு பகுதி அட்டவணைக்குள்ளேயே ஒளிந்திருந்ததுதான். நீங்களே உத்தேசமாகக் கணக்குப் போட வேண்டுமானால் தூரத்தை 900-ஆல் வகுத்து, ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். மேற்கே போகும் நீண்ட பயணமென்றால் இன்னும் ஒரு மணி நேரம்கூடச் சேர்க்கலாம். இணையத் தளங்கள் பலவும் செய்வது ஏறத்தாழ இதைத்தான். அதில் ரகசியம் ஒன்றும் இல்லை.

நடுவில் ஓர் ஊரில் இறங்கிப் போனால்? தூரம் பயப்படும் அளவுக்குக் கூடுவதில்லை. சிங்கப்பூர்–ஃபிராங்ஃபர்ட் 10,300, அங்கிருந்து நியூயார்க் 6,200. மொத்தம் 16,500 கிலோமீட்டர். நேர் விமானம் பறப்பதும் ஏறக்குறைய இவ்வளவுதான். ஆனாலும் ஒரு நாள் முழுக்கப் போய்விடும், ஏனென்றால் தரையில் காத்திருக்கும் நேரம் ஒரு பக்கம், இரண்டு முறை ஏறி இறங்குவது ஒரு பக்கம், வழி நெடுக மேற்கே போவதால் எதிர்க்காற்று ஒரு பக்கம்.

கடைசியாகக் கடிகாரம். டிக்கெட்டில் உள்ள இரண்டு நேரங்களும் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரம். சிங்கப்பூர் உலகப் பொது நேரத்துக்கு 8 மணி முன்னால்; குளிர்காலத்தில் நியூயார்க் 5 மணி பின்னால். இடைவெளி 13 மணி. சிங்கப்பூரில் இரவு 11:30-க்குக் கிளம்பி, பதினெட்டரை மணி நேரம் பறந்தால், நியூயார்க்கில் மறுநாள் அதிகாலை 5:00. கடிகாரம் காட்டுவது ஐந்தரை மணி நேரம். திரும்பும்போது காலை 10:30-க்குக் கிளம்பினால் சிங்கப்பூரில் மறுநாள் மாலை 6:00. கடிகாரப்படி முப்பத்தொன்றரை மணி நேரம். இரண்டையும் பொது நேரத்துக்கு மாற்றிக் கழித்தால் இரண்டுமே பதினெட்டரைதான். பசிபிக்கில் தேதிக்கோட்டைத் தாண்டும் பயணங்களில் கூத்து இன்னும் அதிகம். டோக்கியோவில் மாலை 5:00-க்குக் கிளம்பி, பத்து மணி நேரம் பறந்தால், குளிர்காலத்தில் லாஸ் ஏஞ்சலிஸில் அதே நாள் காலை 10:00. கிளம்புவதற்கு ஏழு மணி நேரம் முன்பே போய்ச் சேர்ந்தாயிற்று.

கோடைக்கால நேரம் வந்தால் இந்த இடைவெளியும் ஆடும். அமெரிக்கா மார்ச் இரண்டாவது ஞாயிறில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளும், பிரிட்டன் மார்ச் கடைசி ஞாயிறில். நடுவில் உள்ள அந்த இரண்டு மூன்று வாரங்கள் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடைவெளி 5 மணி அல்ல, 4 மணி.

இவ்வளவும் தெரிந்த பிறகும் நான் ஒருமுறை ஏமாந்தேன். இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் +1 என்று ஒரு குறி இருக்கும். மறுநாள் என்று அர்த்தம். தூரம், காற்று, நேர மண்டலம் எல்லாம் கணக்குப் போட்டு, உறவினரை அழைத்துவர விடியற்காலையில் விமான நிலையத்துக்குப் போனேன். வருகைப் பலகையில் அந்த விமானத்தின் பெயரே இல்லை. அவருக்குப் போன் போட்டால், "இப்போதான் போர்டிங் ஆரம்பிச்சிருக்கு, என்ன விஷயம்?" என்றார்.